நாலு நட்சத்திரம்

கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்தை யாராவது சாப்பாட்டுக்குப் பிறகு வெந்நீரில் கலந்து குடிப்பார்களா? குடிக்கச் சொன்னாள் ரேடியோ. மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த துண்டுச் சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, செய்தி வாசிக்கிற பெண்மணி மாதிரி கழுத்தை நிமிர்த்தி, ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் வாசித்தாள்.

"தினமும் மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின், வெந்நீரில் கலந்து அருந்தவும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்."

ரேடியோ என்பது தெரு வைத்த பேர். காதில் விழுந்ததை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்வாள். பேருந்து நடத்துநரின் கத்தல், மருந்து விளம்பரம், பக்கத்து வீட்டுச் சண்டை, எதுவானாலும் சரி. அரசாங்கப் பள்ளியில் அஞ்சாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். அவள் அம்மா அதே பள்ளியில் மதியச் சாப்பாடு சமைக்கிறவள். பிள்ளைகளுக்கும் சமையலக்கா, டீச்சர்களுக்கும் சமையலக்கா. அன்றைக்குக் காலையில் வெங்காயத்தை அள்ளிப் போட்டபோது எண்ணெய் தெறித்து இடது கண்ணோரம் பட்டுவிட்டது. அந்தக் கண்ணுக்குக் கட்டு. வலது கண் துணைக்கு அழுது அழுது வீங்கிக் கிடந்தது. அதனால்தான் மகளைப் படிக்கச் சொன்னாள்.

"என்னடி சொல்ற? கண்ணுல விடற மருந்தைக் குடிக்கச் சொல்றானா?"

"அப்படித்தாம்மா போட்டிருக்கு."

"இன்னொரு தடவை படி."

"தினமும் ரெண்டு வேளை, சாப்பாட்டுக்கு முன்…"

"இப்பத்தானே மூணுன்ன? பின்னன்ன?"

வெளியே கோடை மழை தகரக் கூரையில் சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. சமையலக்கா ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு மகளின் முகத்தைப் பார்த்தாள். எழுந்துபோய் மகளின் பையிலிருந்து பாடப் புத்தகத்தை எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து நீட்டினாள்.

"இதைப் படி."

படித்தாள். மளமளவென்று, நிறுத்தற்குறி தவறாமல், ரெண்டு பக்கத்தையும். சமையலக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. வேறொரு பக்கத்தைப் பிரித்து, மேலே இருந்த படத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நீட்டினாள்.

"இப்பப் படி."

ரேடியோ தாளைப் பார்த்தாள், அம்மாவின் கையைப் பார்த்தாள், கையை எடுக்க மாட்டாளா என்று பார்த்தாள்.

"இது என்ன எழுத்துடி?" சமையலக்கா விரலை வைத்தாள்.

"ம… 'மா' தாம்மா."

"இது?"

"தெரியலம்மா."

"இது?"

பெண்ணின் மூக்கு நுனி சிவந்துகொண்டே வந்தது.

சாயங்காலம் அப்பா வந்தார். கடைத்தெரு முனையில் குடை நிழலில் உட்கார்ந்து சாவி போட்டுக் கொடுக்கிற மனிதர். சாவிக்காரர் என்று சொன்னால் யாருக்கும் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எந்தப் பூட்டையும் காதை வைத்துக் கேட்டே திறந்துவிடுவார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"போடி, உனக்குக் கண்ணு போனதோட புத்தியும் போச்சு. தினம் சாயங்காலம் உட்கார்ந்து கணீர்னு படிக்கறாளே, தெருவே கேட்குதே."

"அது படிப்பு இல்லைங்க. கேட்டுக் கேட்டு மனப்பாடம். பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளை முன்னாடி படிக்க, மத்ததெல்லாம் பின்னாடி சொல்லும். இவ அதைப் பிடிச்சு வெச்சுக்கறா. படத்தைப் பார்த்து எந்தப் பாடம்னு தெரிஞ்சுக்கறா."

"அதெப்படி? செல்போன்ல நம்ம பொண்ணுக்கு நாலு நட்சத்திரம்னு நீதானே வந்து சொன்ன? இனிப்பு வேற வாங்கிட்டு வரச் சொன்ன?"

சமையலக்கா சடாரென்று உட்கார்ந்துவிட்டாள். அந்த நாலு நட்சத்திரத்தைப் போட்டது அவளே. அவளுடைய இதே கட்டைவிரல்.

அந்தக் கூத்தைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் மேலிடத்தில் யாருக்கோ ஒரு நல்ல யோசனை வந்தது. எந்தப் பிள்ளைக்குப் படிக்க வருகிறது, எதற்கு வரவில்லை என்று கண்டுபிடித்து, வராத பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பது. யோசனையைக் குறை சொல்ல வாயில்லை. எழுத்து தெரிந்தால் ஒரு நட்சத்திரம், சொல் படித்தால் ரெண்டு, வரி படித்தால் மூன்று, கதை படித்தால் நாலு. டீச்சர் செல்போனில் ஒரு செயலியைத் திறந்து, ஒவ்வொரு பிள்ளையின் பேருக்கும் எதிரே தட்ட வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்! நாலுக்குக் கீழே போட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரா வாரம் இருபத்திரண்டு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும், புகைப்படம் ஏற்ற வேண்டும், ஏன் வரவில்லை என்று காரணம் சொல்ல வேண்டும். காரணத்தையும் அவர்களே எழுதி வைத்திருந்தார்கள்: உடல்நலக் குறைவு, வருகைக் குறைவு, பெற்றோரின் அக்கறையின்மை. ஒரே அறையில் அஞ்சு வகுப்பு, ரெண்டு டீச்சரில் ஒருவர் எப்போதும் பயிற்சிக்குப் போய்விடுகிறார் என்கிற காரணம் அந்தப் பட்டியலில் இல்லை.

பெரிய டீச்சர் முதல் வருஷம் நேர்மையாகத்தான் போட்டார். நாற்பத்து மூன்று பிள்ளைகளில் முப்பத்தொன்றுக்கு நாலுக்குக் கீழே. பலன் என்ன? கூடுதல் டீச்சர் வரவில்லை, விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. உங்கள் பள்ளி மட்டும் ஏன் பின்தங்கியிருக்கிறது என்று. கூட வேலை பார்க்கிறவர்கள் புத்தி சொன்னார்கள்: எல்லாருக்கும் நாலு போட்டுவிட்டு நிம்மதியாகப் பாடம் நடத்துங்கள், நாங்கள் எல்லாம் அப்படித்தான்.

பள்ளியில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று, சமையலறைப் பின்ஜன்னல், தண்ணீர் டிரம் பக்கத்தில். வகுப்பை விட்டுவிட்டு அங்கே போய் நிற்க டீச்சருக்கு ஏது நேரம்? "அக்கா, சோத்துக் கணக்கு ஏத்தும்போது இதையும் தட்டிடுங்கக்கா. எல்லாருக்கும் நாலு" என்று செல்போனைக் கையில் கொடுத்துவிடுவார். எட்டாவது வரை படித்த சமையலக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு டிரம்மோரம் நின்று தட்டுவாள். மகள் பேர் வந்ததும் ஒரு நொடி நின்று, நாலு நட்சத்திரமும் மஞ்சளாகப் பளிச்சென்று எரிகிற வரை பார்த்து ரசித்துவிட்டு அடுத்த பேருக்குப் போவாள். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலே அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

மறுநாள் காலை அடுப்பை மூட்டி, உலையை ஏற்றிவிட்டு, நேராக வகுப்பறை வாசலில் போய் நின்றாள். உள்ளே ஒரு பக்கம் வாய்ப்பாடு, ஒரு பக்கம் பாட்டு, நடுவில் ரெண்டாம் வகுப்புப் பையன்கள் ரெண்டு பேர் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். பெரிய டீச்சர் ஒரு கையால் அவர்களைப் பிரித்துக்கொண்டே மறுகையால் வருகைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, கண்ணு எப்படி இருக்கு? லீவு போடலாம்ல?"

"கண்ணு கிடக்கட்டும் டீச்சர். என் பொண்ணுக்குப் படிக்கத் தெரியலை."

பெரிய டீச்சர் பேனாவை வைத்தார். மறுக்கவில்லை. அதுதான் சமையலக்காவுக்கு இன்னும் கொதித்தது.

"உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"சந்தேகம் இருந்துச்சுக்கா. வாய் திறந்தா அருவி மாதிரி கொட்டறா. எழுதச் சொன்னா பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதறா. தனியா உட்கார வெச்சுப் பார்க்கணும்னு நினைப்பேன். அதுக்குள்ள கணக்கெடுப்புன்னு கூப்பிடுவாங்க, பயிற்சின்னு கூப்பிடுவாங்க. பயிற்சில என்ன சொல்லித் தராங்க தெரியுமா? பிள்ளைங்களைத் தனித்தனியா கவனிக்கறது எப்படின்னு மூணு நாள். அந்த மூணு நாளும் இங்க பிள்ளைங்களைக் கவனிக்க ஆளில்லை."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் இங்கயேதானே கிடக்கேன்? பத்தடி தூரத்துல சோறு வடிக்கறேன்."

"எப்படிக்கா சொல்வேன்? செல்போனை உங்க கையில குடுத்து நாலு போடச் சொன்னதே நான்தானே."

ரெண்டாம் வகுப்புப் பையன்கள் மறுபடி கட்டிப் புரள ஆரம்பித்தார்கள்.

"சரி, போனது போச்சு. இனி என்ன பண்ணலாம் சொல்லுங்க."

"வழி இருக்குக்கா. பெரிய பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்புக்கு வாசிப்பு வகுப்புன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. தினம் காலைல ரெண்டு மணி நேரம், அதுக்குன்னே தனி டீச்சர், இருபத்து நாலு பிள்ளைங்கதான். அந்தம்மா கெட்டிக்காரங்க. ஆறு மாசத்துல படிக்க வெச்சிடுவாங்க."

"அப்ப அதுல சேர்த்துவிடுங்க."

"சேர்க்கறது நான் இல்லைக்கா. செயலில மூணு நட்சத்திரத்துக்குக் கீழ இருக்கற பிள்ளைங்க பேரு தானா பட்டியலுக்குப் போகும்."

"அவ்வளவுதானே? இவளுக்கு ஒண்ணு போடுங்க."

பெரிய டீச்சர் செல்போனை எடுத்துக்கொண்டு அவளோடு சமையலறை ஜன்னலுக்கு வந்தார். உலை கொதித்துப் பொங்கிக்கொண்டிருந்தது. ரேடியோவின் பேரைத் தட்டிக் காட்டினார். நாலு நட்சத்திரம். பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. கீழ்நோக்கி எதுவுமில்லை.

"ஏத்தலாம்கா. இறக்க முடியாது."

"ஏன்?"

"பிள்ளைங்க முன்னேறத்தான் செய்வாங்க, பின்னால போக மாட்டாங்கன்னு வெச்சிருக்காங்க."

"எவன் வெச்சது? அவன் வீட்டுல பிள்ளைங்களே இல்லையா?" சமையலக்கா மூடியைத் தூக்கி டங்கென்று தரையில் போட்டாள். "சரி, அடுத்த வருஷம் இங்கயே அஞ்சாம் வகுப்புல உட்காரட்டும். நான் பார்த்துக்கறேன். அடுப்படியில உட்கார வெச்சு எழுத்து சொல்லித் தரேன்."

"முடியாதுக்கா. எட்டாவது வரைக்கும் யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது. போன வெள்ளிக்கிழமையே இவ பேரு பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போயாச்சு."

"அப்ப அங்க போய் அறுபது பிள்ளைங்களோட கடைசி பெஞ்சுல உட்கார்ந்து, இப்படியே வாயால ஓட்டி, எட்டாவது வரைக்கும் போயிடுவா. அப்புறம்?"

அப்புறம் என்ன என்று ரெண்டு பேருக்கும் தெரியும். ஒன்பதாவதில் முதல் பரீட்சையில் குட்டு உடையும். படிப்பு வரலை என்று பெண் வீட்டில் உட்காருவாள். அந்தத் தெருவில் அப்படி உட்கார்ந்த பெண்களைப் பத்துக்குமேல் சொல்லலாம். சமையலக்காவே எட்டாவதோடு நின்றவள். நின்றபோது அவளுக்குப் படிக்கவாவது தெரிந்திருந்தது.

"ஒரே ஒரு வழி இருக்கு," என்றார் பெரிய டீச்சர். "மறு மதிப்பீடுன்னு. கல்வி அதிகாரி ஆபீஸ்ல, அவர் முன்னாடி, பிள்ளை படிக்கறதைச் செயலியே கேட்டு நட்சத்திரம் போடும். அங்க குறைஞ்சா குறைஞ்சதுதான். ஆனா வர வெள்ளிக்கிழமையோட வாசிப்பு வகுப்புப் பட்டியலை மூடறாங்க. நான் கடிதம் எழுதித் தரேன்."

"உங்களுக்குத் தொல்லை வராதா?"

"வரும். வரட்டும். நான் போட்ட நாலுக்கு நான்தானே பதில் சொல்லணும்." சமையலக்காவுக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை தாயும் மகளும் கல்வி அலுவலகத்துக்குக் கிளம்பினார்கள். கிளம்புமுன் தலை வாரிவிடும்போது சமையலக்கா மகளுக்குப் பக்குவமாகச் சொன்னாள்.

"கண்ணு, அங்க ஒரு சார் படிக்கச் சொல்வார். தெரியாதுன்னு சொல்லிடு. அவ்வளவுதான்."

ரேடியோ கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னா தப்பே இல்லடி. அம்மா திட்ட மாட்டேன். அப்பா திட்ட மாட்டார்."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த சாவிக்காரர் திரும்பினார். "ஊர்ல எல்லாரும் பிள்ளைக்கு மார்க் போடுங்கன்னு போய் நிப்பாங்க. நம்ம வீட்டுலதான் குறைங்கன்னு நிக்கறோம்," என்றார். மனைவி பார்த்த ஒற்றைக் கண் பார்வையில் குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு நடையைக் கட்டினார்.

கல்வி அலுவலகம் ரெண்டு மாடிக் கட்டடம். மழையில் படிக்கட்டெல்லாம் சேறு. மாடியில் நீளமான அறை, வரிசையாக மேசைகள், சுவர் முழுக்கப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே புத்தகம் பிடித்திருக்கிற படங்கள். கடிதத்தை வாங்கிய எழுத்தர் ரெண்டு தடவை படித்தார்.

"நட்சத்திரம் ஏத்தணும்னு எழுதறதுக்குப் பதிலா இறக்கணும்னு எழுதிட்டாங்க போல."

"இல்லைங்க. இறக்கத்தான்."

"இறக்கவா? நீங்க அம்மாதானே?"

"பெத்தவதான் சார். சந்தேகம் வேண்டாம். என் பொண்ணுக்குப் படிக்கத் தெரியாதுன்னு எழுதிக் குடுங்க, போயிடறேன்."

பக்கத்து மேசைகளில் ரெண்டு மூன்று பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். எழுத்தர் நமுட்டுச் சிரிப்போடு எழுந்துபோய்க் கல்வி அதிகாரியைக் கூட்டிவந்தார். உயரமான மனிதர், ஜலதோஷம், கையில் கைக்குட்டை. கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. அதுதான் இந்த மாதிரி இடங்களில் பெரிய கஷ்டம். யாரைத் திட்டுவது என்றே தெரியாது.

"பயப்படாம உட்காரும்மா," என்று ரேடியோவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். எழுத்தர் செல்போனை அவள் முன்னால் சாய்த்து வைத்தார். திரையில் ஒரு கதை வந்தது. மேலே ஒரு ஆமைப் படம்.

சமையலக்காவுக்குத் திக்கென்றது. "சார், இது எங்க பள்ளிக்கூடத்துல மூணு வருஷமா வர கதையாச்சே? அடுப்படியில இருந்து கேட்டே எனக்குத் தலைகீழாத் தெரியும்."

"நாலாம் நிலைக்கு, அதான் நாலு நட்சத்திரத்துக்கு, எப்பவும் ஒரே கதைதாம்மா," என்றார் அதிகாரி.

"மாத்தவே மாட்டீங்களா?"

"மாத்தினா போன வருஷத்தோட ஒப்பிட்டுப் பார்க்க முடியாதே," என்றார் எழுத்தர், குழந்தைக்குச் சொல்வது போல.

ரேடியோ ஆமையைப் பார்த்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். எட்டுப் பேர் வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவைப் பார்த்தாள். 'சொல்லு, சொல்லிடு' என்று அம்மா உதட்டை அசைத்தாள். பெண்ணின் மூக்கு நுனி சிவந்தது. "படிம்மா, உனக்கு வரும்," என்றார் அதிகாரி, கைக்குட்டைக்கு மேலாகச் சிரித்துக்கொண்டு.

அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. ரேடியோ கழுத்தை நிமிர்த்தினாள்.

"ஒரு ஆமைக்கு மழை என்றால் பிடிக்காது. அது குடை வாங்கக் கடைக்குப் போனது. கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். 'முதுகிலேயே கூரையை வைத்துக்கொண்டு குடை எதற்கு?' என்று கேட்டார்…"

கடைக்காரருக்குத் தடித்த குரல், ஆமைக்கு மெல்லிய குரல். கடைசி வரி முடிந்ததும் செல்போனில் பச்சை விளக்கு எரிந்து மணி அடித்தது. அறையே கைதட்டியது. சமையலக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"இந்தப் பிள்ளைக்கா படிக்கத் தெரியாதுன்னு சொன்னீங்க?" அதிகாரிக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "சொந்தப் பிள்ளையை இப்படித் தாழ்த்திப் பேசலாமா?"

"சார், அது மனப்பாடம் சார். வேற ஏதாவது குடுங்க. அந்த செய்தித்தாளைக் குடுங்க. இல்ல, இந்த மேசையில கிடக்கற எந்தக் காகிதத்தையாவது குடுங்க."

"மறு மதிப்பீடு ஒரே தடவைதாம்மா. பச்சை வந்தாச்சுன்னா செயலி பூட்டிடும்," என்றார் எழுத்தர்.

"என் வீட்டுக்காரர் பூட்டுத் திறக்கறவர்தான். கூட்டிட்டு வரட்டுமா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்குள் அச்சு இயந்திரம் கரகரவென்று ஒரு சான்றிதழைத் தள்ளியது. பூப்போட்ட ஓரம், நடுவில் கொட்டை எழுத்து, கீழே அதிகாரியின் பேர். அவர் கையெழுத்துப் போட்டு, பெண்ணின் கையில் கொடுத்து, முதுகில் தட்டிக்கொடுத்தார். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது என்று எல்லோரும் கலைந்தார்கள்.

கீழ்ப்படிக்கட்டுக்கு வந்ததும் சமையலக்கா மகளின் தோளைப் பிடித்து நிறுத்தினாள். கட்டுக்குள் இருந்த கண் விண்விண்ணென்று தெறித்தது.

"எத்தனை தடவைடி சொன்னேன்? தெரியாதுன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல உனக்கு வாய் வரலையா? எதையெல்லாமோ சொல்ற வாய்தானே?"

"அத்தனை பேர் பார்க்கும்போது எப்படிம்மா சொல்றது?"

"ஏன் சொல்லக் கூடாது?"

"சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. இன்னியோட போச்சுடி. நாளைக்குப் பட்டியலை மூடறாங்க. இனி யாரும் உனக்குச் சொல்லித் தர மாட்டாங்க, புரியுதா?" சொல்லிவிட்டு அவளே அழுதாள். ஒரு கண்ணால் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

ரேடியோ சுவரோரம் ஒதுங்கி நின்றாள். சாரல் படாமல் சான்றிதழை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அதை விரித்துப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள், கொட்டை எழுத்தைப் பார்த்தாள். அம்மாவின் முந்தானையை மெல்ல இழுத்தாள்.

"அம்மா. இதுல என்ன எழுதியிருக்கு?"

சமையலக்கா அழுகையை நிறுத்தினாள். தாளை வாங்கினாள், வாசிக்க வாயெடுத்தாள், வாசிக்கவில்லை. மகளின் கையைப் பிடித்து விறுவிறுவென்று மாடி ஏறினாள்.

அதிகாரி மேசைமேல் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்து முதல் கவளத்தை எடுத்திருந்தார். எழுத்தர் தடுக்க எழுந்தார். அவள் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப என்கிட்ட என்ன கேட்ட? அதை சார்கிட்ட கேளு."

ரேடியோ தலையைக் குனிந்துகொண்டாள்.

"சிரிச்சா நான் இருக்கேன். கேளு."

அதிகாரியின் கையில் கவளம் அப்படியே நின்றது. பிறகு பெண் ஒரு அடி முன்னால் போய், சான்றிதழை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சார், இதுல என்ன சார் எழுதியிருக்கு?"

"இதுவா? உன்னைப் பத்தித்தாம்மா," என்றார் அதிகாரி. கையைத் துடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவளுக்காக நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "இந்த மாணவி… நாலாம் நிலைக் கதையை… எவர் உதவியும் இன்றி… சரளமாக…"

அங்கே நின்றுவிட்டார். தாளைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். எழுத்தர் தன் டப்பாவை மெதுவாக மூடினார். யாரும் சிரிக்கவில்லை.

"படிக்கத் தெரியாதாம்மா உனக்கு?" குரல் இறங்கிப் போயிருந்தது.

"தெரியாது சார்," என்றாள் ரேடியோ.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "பூட்டிடுச்சேம்மா. சிஸ்டத்துல என்னால ஒண்ணும் பண்ண முடியாதே."

"சிஸ்டத்துல உட்கார வைக்கச் சொல்லல சார். அந்த வகுப்புல ஒரு பெஞ்சுல உட்கார வைங்கன்னுதான் கேட்கறேன்."

"மேல இருந்து கேட்பாங்க."

"கேட்கட்டும் சார். எங்க பெரிய டீச்சர் பதில் சொல்றேன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நான் சொல்றேன், நட்சத்திரம் போட்டது இந்தக் கைதான்னு. நீங்களும் கொஞ்சம் சொல்லுங்க."

அதிகாரி ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பேனாவால், வாசிப்பு வகுப்பு டீச்சர் பேருக்கு நாலு வரி எழுதினார். கையெழுத்துப் போட்டுச் சமையலக்காவிடம் நீட்டினார்.

"என்கிட்ட வேண்டாம் சார். அவளுக்குப் படிச்சுக் காட்டுங்க. அவ விஷயம் அது."

படித்துக் காட்டினார். "இந்த மாணவிக்குப் படிக்கத் தெரியாது. வகுப்பில் சேர்த்துக்கொள்ளவும். பொறுப்பு என்னுடையது."

ரேடியோ கவனமாகக் கேட்டாள். ஒரு தடவை கேட்டாலே அவளுக்கு மனப்பாடம் ஆகிவிடும். ஆகிவிட்டது, உதடு அசைந்தது. ஆனாலும் அவள் அங்கேயே நின்றாள்.

"சார், இதுல 'தெரியாது' எங்க இருக்கு?"

அவர் காட்டினார். அவள் குனிந்து, அந்தச் சொல்லின் முதல் எழுத்தின்மேல் விரலை வைத்து, கடைசி எழுத்து வரைக்கும் மெதுவாக நகர்த்திக்கொண்டு போனாள்.